லாஞ்சு இன்ஜினுக்குப் பூசிய வர்ணம்

பழைய சாமானுக்குப் பழைய வர்ணம் தேடி அலைகிற வியாதி இப்போது நம் வயதுக்காரர்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஒருவர் தன் அப்பாவின் சைக்கிளைப் புதுப்பித்து, அந்தக் காலத்துப் பச்சை அப்படியே வந்துவிட்டது என்று படம் அனுப்புகிறார். இன்னொருவர் தையல் மெஷினுக்குக் கறுப்பா, கருநீலமா என்று ஊரையே கூட்டிக் கேட்கிறார். தயவுசெய்து என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். சின்ன வயதில் ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரு பழைய கலரைத் தேடினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுக்கு வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி நிலம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்று மேட்டில் ஒரு கீற்றுக் கொட்டாய், அதற்குள் ஒரு இன்ஜின். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் கிணற்றில் இருந்தது வயலுக்கென்றே விற்ற இன்ஜின். எங்களுடையது கடலில் ஓடியது. கடலூர் துறைமுகத்தில் கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நின்றுவிடும். சரக்கை இறக்கிக்கொண்டு வரும் படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வருவதற்கு லாஞ்சு என்று ஒன்று இருந்தது. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, அந்த லாஞ்சில் இன்ஜின் டிரைவர். மரம் உளுத்து லாஞ்சை ஏலம் விட்டபோது மாமா அதன் இன்ஜினை மட்டும் எடுத்து, துறைமுகத்திலிருந்தே லாரியில் ஏற்றி, தங்கச்சி வீட்டுக் கிணற்றுக்குச் சீராகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மற்ற அண்ணன்மார் பித்தளை அண்டா கொடுப்பார்கள். எங்கள் மாமா இன்ஜின் கொடுத்தார்.

அது வந்து இறங்கிய மார்கழியில் அம்மா ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அங்கே நான் பிறந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு அவள் மாசியில் திரும்பி வந்தபோது இன்ஜின் சிவப்பாக இருந்தது, மேலே மஞ்சள் பொட்டுகளுடன். இடையில் மாட்டுப் பொங்கல் வந்துவிட்டதுதான் காரணம்.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, கொம்புக்கு வர்ணம் பூசுவோம். பூசியது போகக் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மிஞ்சும். அதை வீணாக்குவானேன் என்று அப்பா முதல் வருடமே இன்ஜினுக்குப் பூசிவிட்டார். இதுவும் தண்ணி இறைக்கிறது, மாட்டுக்குச் செய்கிற மரியாதையை இதற்கும் செய்தால் என்ன என்பது அவர் நியாயம். அடுத்த வருடம் பெரியப்பா முறை. பெரியப்பா மூவர்ணக் கொடிக் கட்சி. அப்பா கறுப்பு சிவப்பு. அதனால் ஒரு வருடம் இன்ஜினின் வயிற்றில் மூன்று பட்டை, மறு வருடம் இரண்டு பட்டை. தேர்தல் வருடத்தில் பொங்கலுக்குப் பிறகும் ஒருவர் பூசியதன் மேல் மற்றவர் பூசினார். இப்படி என் வயதுக்கு ஏற்ப அதன் மேலும் தோல் ஏறிக்கொண்டே போனது. ஓடி ஓடிச் சூடேறும்போது அந்தக் கொட்டாயில் எண்ணெய் வாசனையோடு வர்ணம் தீய்கிற வாசனையும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் முனையிலேயே அது என் மூக்கில் ஏறும்.

எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது ஒரு பொங்கலுக்கு மாமா முதல் தடவையாகத் தானே சீர்த்தட்டோடு வந்தார். வந்தவர் நேரே கொட்டாய்க்குப் போனார். துறைமுகத்தில் அந்த இன்ஜினைத் தன் வேட்டித் தலைப்பால் துடைத்தவர் அவர். உள்ளே பட்டையும் பொட்டுமாக, சக்கரத்தில் மாவிலைத் தோரணம் வேறு கட்டி அதை வைத்திருந்தோம்.

"இன்னா மாப்ள இது, மாடா?" என்றார்.

அப்பா பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். "மாட்ட வுட மேல மச்சான். மாடு கால் வலிச்சா படுத்துக்கும், இது படுக்காது."

மாமா தட்டைத் திண்ணைக்குக்கூடக் கொண்டுவரவில்லை. கொட்டாய் வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். கூடப்பிறந்தவள் வீட்டில் கை நனைக்காமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. பொங்கல் சீர் யாராவது உறவுக்காரர் கையில் வரும். அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டாள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிறந்து தங்கவில்லை. அப்புறம் தம்பி பிறந்தான். அவன் நடக்க ஆரம்பித்ததும் குலதெய்வத்துக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு யார் மடியிலாவது பிள்ளையை உட்கார வைத்தால், அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊர் முன்னால் தண்டோரா போட்டதுபோல. அதற்கு அம்மா சாகத் தயாராக இருந்தாள், சம்மதிக்கத் தயாராக இல்லை. கடைசியில் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு கடலூருக்குப் போனார்.

போனவர் திரும்பி வந்து முற்றத்தில் துண்டை உதறிய உதறலிலேயே தெரிந்தது. மாமா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "நான் குடுத்தப்ப இன்ஜின் இன்னா கலர்ல இருந்துச்சோ அந்தக் கலருக்கு மாத்திட்டு சொல்லி அனுப்பு. வரேன்" என்றாராம். என்ன கலர் மச்சான் என்று அப்பா கேட்டிருக்கிறார். "இத்தினி வருசமா அதுல தண்ணி எறச்சிக் குடிக்கிறவன் நீ, என்னக் கேக்கற?" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போய்விட்டாராம்.

இதைக் கேட்டதும் புத்தியுள்ள எந்தக் குடும்பமும் என்ன செய்யும்? மறுபடி நாலு பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசும். எங்கள் குடும்பம் கலர் தேடக் கிளம்பியது.

அப்பா பச்சை என்றார். பெரியப்பா நீலம் என்றார். வந்து இறங்கியபோது, ஏலத்துக்குக் கிடந்ததில் உடம்பெல்லாம் கிரீஸும் கரியுமாக இருந்தது, அதனால் இருவருமே சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் பார்க்கவில்லை என்று அண்ணனும் சொல்லமாட்டார், தம்பியும் சொல்லமாட்டார். அம்மா பார்த்ததே இல்லை. நிறம் தெரியாமலே இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே கிணற்று மேட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "உங்க பெரியப்பன் கிட்ட சொல்லு", "உங்கப்பன் கிட்ட சொல்லு" என்று என் வழியாகப் பேசினார்கள். எனக்கு அப்போதே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

சுரண்டிப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். கப்பல் இன்ஜினெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று வந்து இறங்கியதும் ஆரம்பித்தவர், சாப்பிடும்போதும் நிறுத்தவில்லை. கத்தியால் ஒரு ஓரத்தில் கீறினார். சிவப்புக்கு அடியில் கறுப்பு, அதற்கடியில் வெள்ளை, பச்சை, காவி, மறுபடி கறுப்பு. வெங்காயம் உரிப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. இப்படிச் சுரண்டினால் ஆடி வந்துவிடும் என்று அவரே சலித்துக்கொண்டு, ஒரு தகர டப்பாவில் சோப்புக் காய்ச்சுகிற காஸ்டிக் சோடாவைக் கொண்டுவந்தார். சுடுதண்ணியில் கரைத்து, தென்னந்துடைப்பத்தால் இன்ஜின் மேல் தலையோடு கால் தடவினார். எங்களை எல்லாம் தூரப் போகச் சொன்னார்.

நான் வரப்பில் நின்று பார்த்தேன். காய்ந்த பாலாடைபோல வர்ணம் சுருண்டு சுருண்டு எழுந்தது. பெரியப்பாவின் மூவர்ணமும் அப்பாவின் கறுப்பு சிவப்பும் ஒன்றாகக் கரைந்து வாய்க்காலில் சேறாக ஓடின. தண்ணீர் விட்டுக் கழுவியதும் வெறும் இரும்பு நின்றது. மெக்கானிக் பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் செரி, அடியில இருந்த கலர் எங்கய்யா?" என்று அப்பா கேட்டார்.

மெக்கானிக் வாய்க்காலைக் காட்டினார். "அதுவும் சேந்து போயிட்ச்சிங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க இருமினார். அதற்கு ஒரு சண்டை.

பிறகு பெரியப்பாதான், இன்ஜின் பக்கவாட்டில் திருகாணி போட்டு முடுக்கிய பித்தளைத் தகட்டைக் கழற்றச் சொன்னார். அதில் இங்கிலீஷில் என்னவோ பொறித்திருக்கும். யாரும் அதைத் தொட்டதில்லை. கழற்றினால், அடியில் என் உள்ளங்கை அகலத்துக்குக் காஸ்டிக் படாத ஓர் இடம். வெயில் படாமல், எண்ணெய் படாமல், நேற்றுப் பூசியதுபோல இருந்தது. எல்லாரும் தலையை நீட்டினோம். பச்சை என்று சொல்ல முடியாது. நீலம் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் கலந்து மேலே கொஞ்சம் சாம்பலைத் தூவியதுபோல ஒரு நிறம்.

"பச்சதான், நான் சொன்னேன்ல?" என்றார் அப்பா. "கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லு, நீலம்" என்று பெரியப்பா என்னிடம் சொன்னார்.

அந்தக் கலரைக் கள்ளக்குறிச்சிக்கு எப்படிக் கொண்டுபோவது? இன்ஜினைத் தலையில் வைத்துக்கொண்டு பெயிண்டுக் கடைக்குப் போக முடியாது. அப்பா கொட்டாயில் நின்று தகட்டிடத்தைப் பார்த்தார், எதிரே மலையைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். வெயில் ஏறி வருகிற நேரத்தில் கல்வராயன் மலை என்ன கலரில் இருக்கிறதோ அச்சாக அதுதான் இது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த நிமிடமே பஸ் ஏறினார். கடைக்காரரிடம், மலையைப் பார்த்துக் கலக்கிக்கொடுங்கள் என்றிருக்கிறார். கடைக்காரர், எதிரே ஜவுளிக்கடைதான் தெரிகிறது, மலை எங்கே தெரிகிறது என்றிருக்கிறார். இருவரும் மொட்டை மாடி ஏறினார்களாம். அங்கிருந்து பார்த்தால் மலை தூரத்தில் ஒரு கோடு. மத்தியான வெயிலில் அது வெளுத்துக் கிடந்தது. அப்பா வாங்கி வந்த டப்பாவைத் திறந்தால், சலவைக்குப் போட்ட நீலம் மிஞ்சிய தண்ணீர்போல இருந்தது. பெரியப்பா, நீலம்தான் என்று தம்பி ஒப்புக்கொண்டதாக அன்று ஊரெல்லாம் சொன்னார்.

இவ்வளவுக்கும் இன்ஜின் ஓடவில்லை. சித்திரை வெயில். கரும்பு நுனி கருகத் தொடங்கியது. மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைக்கிறதை விட்டுப் பல வருடமாகியிருந்தது. பரணிலிருந்து, தண்ணி மொள்ளுகிற பழைய தோல் சால் ஒன்றை இறக்கி, எண்ணெய் போட்டுத் தைத்து, இரண்டு மாட்டைக் கட்டி இறைக்க ஆரம்பித்தார்கள். இன்ஜினோ புதுப்பெண்போலக் கொட்டாயில் உட்கார்ந்திருந்தது. ஓட்டினால் என்ன என்று அம்மா கேட்டாள். வெற்று இரும்பில் எண்ணெய் படிந்துவிட்டால் பெயிண்டு பிடிக்காது என்றார் அப்பா. ஆண்களிடம் எதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

அம்மாவுக்குப் பொறுமை போனது அன்றுதான். பெட்டியைத் திறந்து இருந்த புடவைகளை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு கொட்டாய்க்கு வந்தாள். "நவுருங்க ரெண்டு பேரும்" என்றாள். ஜாக்கெட் துணி எடுக்கிறபோது செய்வதுபோல ஒவ்வொரு புடவையாக அந்த உள்ளங்கை இடத்தில் வைத்தாள், தலையைச் சாய்த்தாள், தள்ளி நின்றாள். தீபாவளிக்கு எடுத்த ஒரு நூல் புடவை, இரண்டு தடவைதான் கட்டியிருப்பாள், அது அந்த நிறத்தோடு பொருந்தி உட்கார்ந்தது. அம்மா அதன் உள்பக்கத்துத் தலைப்பில் ஒரு முழம் கிழித்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவளே கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பெயிண்டுக் கடையில் பொம்பளைகள் ஏறுகிற வழக்கம் அப்போது இல்லை. டர்பன்டைன் வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. கடைக்காரர் கலக்கிக் கலக்கி ஒரு தகரத்தில் கட்டைவிரலால் தொட்டு வைப்பார். அம்மா அந்தத் தகரத்தையும் துணியையும் வாங்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்ப்பாள். சைக்கிள்காரர்கள் மணியடிப்பார்கள். நகரமாட்டாள். "பச்ச ஜாஸ்தி" என்று திரும்பி வருவாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். அதனால் காயும்வரை நிற்க வேண்டும். கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு. ஒரு இன்ஜினுக்கா இவ்வளவு என்று கடைக்காரர் எரிந்து விழுந்தார். "இன்ஜினுக்கு இல்லீங்க, எங்கண்ணனுக்கு" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவர் எரிந்து விழவில்லை. ஆனால் துணி பெயிண்டில் நனைந்து கெட்டுவிட்டது. மறுபடி ஊருக்கு வந்து இன்னொரு முழம். மூன்றாம் நடைக்குப் பிறகு அந்தப் புடவை எனக்குப் பாவாடை தைக்கத்தான் உதவியது.

கடைசியில் கலர் கிடைத்தது. பூசிக் காய்ந்ததும் தகட்டிடத்துக்கும் மற்ற இடத்துக்கும் கோடு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டினார்கள். கடலூருக்கு மாடு பிடிக்கப் போகிற ஒருவரிடம், கலர் சேர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காதுகுத்து என்று சொல்லி அனுப்பினார்கள். கிடா வாங்கியாயிற்று. சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் மச்சான் கண்ணால் பார்க்கும்வரை இன்ஜினை ஓட்டக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார். புகை பட்டுவிடுமாம். கடைசிப் பாத்திக் கரும்பு சருகாகி நின்றது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன்.

மாமா வியாழக்கிழமை காலையிலேயே வந்தார். வரப்பில் நடந்து வரும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயதாகியிருந்தது. அக்குளில் ஒரு மஞ்சள் பை, மடித்துச் செருகியதுபோலத் தட்டையாக. நேரே கொட்டாய்க்குள் போனார். அப்பா மூடியிருந்த கோணியை எடுத்தார். வெயில் கீற்று இடுக்கில் விழுந்து இன்ஜின் பளபளத்தது. மாமா அதைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை.

"இது இல்ல" என்றார்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தகட்டைக் கழற்றுகிறேன், அடியில் பாருங்கள் என்று திருப்புளி தேடி ஓடினார். மாமா பார்க்கத் திரும்பவே இல்லை. "நான் குடுத்த கலர் இது இல்ல மாப்ள. நான் வரேன்" என்று வாசலுக்கு நடந்தார். பெரியப்பா குறுக்கே வந்து, பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா இது, பொம்பளை புடவையைக் கிழித்துக் கலர் சேர்த்திருக்கிறாள் என்று கத்தினார். அப்பா திருப்புளியை வீசி எறிந்தார். தம்பி பயந்து அழுதான். இன்னொரு தடவை இந்த வீட்டுப் படியிலிருந்து அவர் சாப்பிடாமல் போகப் போகிறார், அதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் இன்ஜினைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றாள். "கலர் சேரல. கலர் சேரட்டும், அப்பறமா காது குத்திக்கலாம். இப்ப வந்து சாப்புடு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள்தானே நடுத்தெருவில் நின்று கலர் பார்த்தவள்.  மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கவில்லை, கையைப் பிடித்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். இலை போட்டாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் பையிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். சின்னத் தகரப் பெட்டி. லாஞ்சுக்குப் பூசியது போக மிச்சத்தை எந்தக் காலத்திலோ அதற்குப் பூசியிருக்கிறார். ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. மூடி மட்டும் முழுதாக இருந்தது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. எங்கள் இன்ஜினின் அதே நிறம், அச்சு அசல்.

அப்பா பார்த்துவிட்டார். பெரியப்பாவும் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளலில் கண்ணீர் வந்துவிட்டது. பெட்டியை எடுத்துக் கேட்டிருக்க வேண்டியது அப்பாதான். அம்மா அவரைப் பார்த்து, "இன்னாங்க, அண்ணனுக்கு சுண்ணாம்பு குடுங்க" என்றாள். அப்பா ஏனோ எழுந்து போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்து கொடுத்தார்.

மாமா வரப்பில் இறங்கி நடந்ததும் அப்பா வெடித்தார். கிடாவை என்ன செய்வது, சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது, எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரன் ஆக்குகிறீர்களா என்றார். அம்மா இலையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அவுரு காதப் பாத்தீங்களா?"

மாமா காதில் எப்போதும் சிவப்புக் கல் கடுக்கன் இருக்கும். அன்று இரண்டு காதிலும் வெறும் ஓட்டை. தாய்மாமன் காதுகுத்துக்கு வந்தால் பிள்ளைக்குத் தோடு, துணிமணி, தட்டு வரிசை எல்லாம் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் மணல் மேடு தட்டி, வேறு லாஞ்சுகளில் பார்த்துவந்த வேலையும் நின்று, அவர் வருடக்கணக்காகச் சும்மா இருந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தெரியவந்தது. வேலை போன மனுஷன், தட்டோடு வந்து கூப்பிட்ட மாப்பிள்ளையிடம் கையில் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டாமல், நடக்கவே நடக்காத ஒரு நிபந்தனையைப் போட்டிருக்கிறார். நாங்கள் அதை நடத்திக் காட்டிவிட்டோம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் அந்தத் தட்டையான பையோடு பஸ் ஏறி வரவேண்டியதாயிற்று.

அப்பா எழுந்து கொட்டாய்க்குப் போய் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றி ஓடவிட்டார். மாமா இன்னும் ரோட்டை எட்டியிருக்க மாட்டார். டுப் டுப்பென்று சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். புதுப் பெயிண்டு தீய்கிற வாசனை வீடு வரைக்கும் வந்தது.

எனக்கு ஆறவே இல்லை. இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. கையில் இல்லை தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா தன் தோட்டைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்து அவர் கையாலேயே போட வைத்திருப்பாள். கரும்பு காய்ந்திருக்காது. புடவை கிழிந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாமல் ஒரு மனுஷன் ஒரு குடும்பத்தையே கலர் கலராகச் சுற்றவிட்டார். நம் பெரியவர்களின் ரோஷத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் அந்த ரோஷத்தால் தண்ணீர் பாயாமல் காய்ந்த பாத்தியைப் பார்த்தவள்.

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு மாமா வருடா வருடம் வந்தார். கலர் பார்க்க வந்தேன் என்பார். கொட்டாய்க்குப் போய்ச் சுற்றிப் பார்ப்பார். பச்சை ஜாஸ்தி என்பார் ஒரு வருடம். நீலம் கம்மி என்பார் மறு வருடம். அடுத்த வருடம் பார்க்கலாம் மச்சான் என்பார் அப்பா. பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். மாமா உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போவார். காது குத்தாத பையன் என்று தம்பியைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அவன் வந்து அழுவான். மாமா வரட்டும், கலர் சேரட்டும் என்று அம்மா அலுக்காமல் சொல்லுவாள். எனக்குத்தான் அலுத்தது.

தம்பி மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது ஒரு தை மாதம் மாமா வந்தார். கடலூரில் ஒரு அரிசி மில்லில் இன்ஜின் பார்க்கிற வேலை கிடைத்து இரண்டு அறுவடை கழிந்திருந்தது. வழக்கம்போலக் கொட்டாய்க்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். இன்ஜினைக் கண்கொண்டு பார்க்க முடியாது. சைலன்சர் பக்கம் புகையேறிக் காப்பிக்கொட்டை நிறம். எண்ணெய் வழிந்த இடமெல்லாம் கறுப்பு. டேங்குக்குக் கீழே தோல் உரிந்து துரு. மேலே கோழி எச்சம். அம்மா சேர்த்த அந்தக் கலரைத் தேடினால் தகட்டின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். மாமா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்து, நகைக்கடை ரோஸ் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இப்பதான் மாப்ள அந்தக் கலர் வந்துகிது" என்றார்.

அப்பா கோழி எச்சத்தைத் துண்டால் துடைத்தார். "ஆமா மச்சான். இப்பதான் சேந்துது."

மாமா கொட்டாய்த் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கால் தரையில் இழுபடுகிற என் தம்பியைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டார். அம்மா தட்டு எடுக்க வீட்டுக்குள்ளே போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை.